பல்துறைக் காட்சிக் கலைஞர் என்றால் யார்? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழரின் குடும்ப வரலாற்றைச் சொல்ல அவருக்கு ஓவியம் மட்டும் ஏன் போதவில்லை?

ஓவியம், புகைப்படம், துணி, ஒலி, காணொளி என எது பொருந்துகிறதோ அதை எடுத்து ஒரே கருவைத் தொடர்பவர் அவர். சோறு வடிக்கப் பானை, தாளிக்கக் கரண்டி என்று பாத்திரம் மாறுவது போலத்தான்.

டர்பன் தமிழரின் குடும்ப வரலாறே சிதறித்தான் கிடக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது. 1911 வரை வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றிக் கப்பல் பட்டியல் சொல்வது எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் போன்றவைதான். ஆயாவின் தாலாட்டு அதில் ஏது? அப்புறம், எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த, 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த வீடுகளையும் பறித்தது. பல குடும்பங்களில் மிஞ்சியது ஒரு சேலை, ஒரு மங்கிய படம், பாதி மறந்த பாட்டு. பாட்டை ஒலியாகத்தானே வைக்க முடியும்!

இந்த மிச்சங்களிலிருந்து கலைஞர் உருவாக்கும் படைப்புகளைப் பலர் ஆவணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல, பட்டியல் சொல்லாத இடங்களை அவர் தன் கற்பனையால் நிரப்புகிறார்.