இளம் ஆண் பன்றிகளில் முலைக்காம்பு வீக்கம்: ஆண் ஹார்மோன் ஊசி போடலாமா?

கேள்வி: ஈரத்தில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சில வாரங்களாகப் பன்றிகளுக்குக் கொடுத்து வந்தோம். இளம் ஆண் பன்றிகளுக்கு முலைக்காம்பும் குறியின் மேலுறையும் வீங்கியுள்ளன. இனவிருத்திக்காக வளர்க்கும் இளம் கிடாவுக்கு இணைசேரும் நாட்டம் குறைந்துவிட்டது. ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகுமா?

பதில்: ஊசி வேண்டாம், அந்தத் தீவனத்தை இன்றே நிறுத்துங்கள். ஈர மக்காச்சோளத்தில் வளரும் பியூசேரியம் பூஞ்சை உண்டாக்கும் ஜீரலினோன் என்ற நச்சு, பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜனைப் போலவே உடல் செல்களிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் (அந்த ஹார்மோன் வந்து பொருந்தும் இடங்களில்) பொருந்தி அவற்றைத் தூண்டுகிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இதற்கே பொருந்துகின்றன. தீவன மாதிரியை ஆய்வகத்தில் சோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஈஸ்ட்ரோஜன் ஆணுக்கு வேண்டாத ஹார்மோன் அன்று. விரையில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை அரோமட்டேஸ் நொதி ஈஸ்ட்ராடையோல் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கிடாப் பன்றியின் விரையில் இது மிக அதிகமாகவே நடக்கிறது. விரையிலிருந்து, விந்தணு முதிரும் குழாயான எபிடிடிமிசுக்குச் செல்லும் நுண்குழாய்களில் ஆல்ஃபா வகை ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் நிறைந்துள்ளன. விந்தணுக்களோடு வரும் நீரின் பெரும்பகுதியை அக்குழாய்கள் உறிஞ்சிக்கொள்வதற்கு இந்த ஏற்பிகள் தேவை. இவ்வேற்பி இல்லாமல் உருவாக்கப்பட்ட ஆண் சுண்டெலிகளில் நீர் விரைக்குள் தேங்கி, அவை மலடாயின. ஆனால் வெளியிலிருந்து வரும் நச்சு அளவுக்கு மீறித் தூண்டும்போது, மூளை அதை ஹார்மோன் மிகுதியாக எடுத்துக்கொண்டு, விரையை இயக்கும் எல்.எச். என்ற ஹார்மோனின் சுரப்பைக் குறைத்துவிடுகிறது, டெஸ்டோஸ்டிரோன் சரிகிறது, நாட்டமும் குறைகிறது. வளர்ந்த கிடாக்கள் இதை ஓரளவு தாங்கும், இளம் ஆண்களே அதிகம் பாதிக்கப்படும்.

ஊசி மருந்தாகச் செலுத்தும் டெஸ்டோஸ்டிரோனிலும் ஒரு பங்கு ஈஸ்ட்ராடையோலாக மாறும், எல்.எச். மேலும் அடங்கி, விரை தானே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் வற்றி, விந்தணு உற்பத்தியும் குன்றும். ஆகவேதான் அதை நான் உறுதியாக மறுக்கிறேன்.

வேகவைத்தாலும் காயவைத்தாலும் ஜீரலினோன் அழியாது. களிமண் வகை டாக்சின் பைண்டர்கள் (தீவன நச்சைப் பிடித்துக்கொள்ளும் கலவைகள்) அஃப்ளாடாக்சின் என்ற வேறொரு பூஞ்சை நச்சைப் பிடிப்பதுபோல இதைப் பிடிப்பதில்லை என்பதால் அவற்றை நம்பி மீதித் தீவனத்தைத் தீர்க்க வேண்டாம். பெண் பன்றிகளுக்கு, குறிப்பாகச் சினைக்கு வைத்திருப்பவற்றுக்கு, அதைக் கொடுக்கவே கூடாது. நல்ல தீவனத்துக்கு மாறியபின் வீக்கம் படிப்படியாக வடியும். பன்றியில் விந்தணு உருவாக ஏறத்தாழ 39 நாட்களும், எபிடிடிமிசில் முதிர மேலும் 10 நாட்களும் ஆகுமாதலால், சுமார் 7 வாரம் கழித்துக் கால்நடை மருத்துவரிடம் விந்துப் பரிசோதனை செய்தபின் கிடாவை இனச்சேர்க்கைக்கு விடுங்கள்.