வால்வு ஸ்டீரியோ ரேடியோ: கடலூர், புதுவை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தாத்தா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஃபிஷர் 500-சி வால்வு ரிசீவர் பரணில் கிடக்கிறது. அப்படியே கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா, ஐயா? (முத்தியால்பேட்டை)

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி. அது 117 வோல்ட்டுக்குச் செய்த பெட்டி. நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. முதலில் ஒரு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்களையும் சோதித்துவிடுங்கள். பிறகு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே பெட்டிக்குப் போகும்படி, போட்டு மின்சாரம் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து சற்று மங்கினால் நல்லது. மங்காமல் முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே ஷார்ட். ஸ்பீக்கர் மாட்டாமல் மட்டும் ஓட்டாதீர்கள், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

தாத்தா இங்கே அதில் வானொலி கேட்டிருப்பார் என்று தோன்றவில்லை. 500-சியில் எஃப்.எம். மட்டுமே உண்டு, சென்னைக்கு எஃப்.எம். வந்ததே 1977 ஜூலையில். இசைத்தட்டு கேட்கத்தான் வைத்திருந்திருப்பார்.

கேள்வி: ஒரே அலைவரிசையில் இடம், வலம் என இரண்டு ஒலி எப்படி வருகிறது? (லாஸ்பேட்டை மாணவி)

பதில்: நல்ல கேள்வி, அம்மா. தொடக்கத்தில் அப்படி வரவில்லை. 1950களில் அமெரிக்க நிலையங்கள் ஒரு பக்க ஒலியை ஏ.எம்.மிலும் மறுபக்க ஒலியை எஃப்.எம்.மிலும் அனுப்பின. ஒரே ரேடியோ வைத்திருந்தவருக்குப் பாதிக் கச்சேரிதான்.

1961 ஏப்ரலில் ஜெனித், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனங்களின் முறை அங்கே ஏற்கப்பட்டது. ஜூன் 1 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. இதில் இடமும் வலமும் கூட்டிய ஒலி வழக்கம்போலச் செல்லும். இடத்திலிருந்து வலத்தைக் கழித்த ஒலி 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறும். அந்தத் துணை அலையை அடக்கிவிட்டு, அடையாளமாக 19 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய பைலட் சிக்னலை அனுப்புவார்கள். ரிசீவர் அதை இரட்டித்து மீண்டும் 38 ஆக்கி, கழித்த ஒலியைப் பிரித்தெடுக்கும். இரண்டையும் கூட்டினால் இடம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வலம். இடம், வலம் பிரிக்காத பழைய மோனோ ரேடியோக்காரருக்குக் கூட்டிய ஒலி முழுதாகக் கிடைக்கும். புதிய வசதிக்காகப் பழைய பெட்டி எதையும் இழக்கவில்லை. இந்த நியாயத்துக்காகவே அந்தப் பொறியாளர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

கேள்வி: அமெரிக்க ரிசீவரில் நம் எஃப்.எம். மந்தமாகக் கேட்கிறதே? (வில்லியனூர்)

பதில்: நிலையம் இரைச்சலை வெல்ல உச்ச சுரங்களை ஏற்றி அனுப்பும், ரிசீவர் அதே அளவு இறக்கும். இப்படி இறக்குவதுதான் டீ-எம்ஃபசிஸ். அங்கே அதன் அளவு 75 மைக்ரோ செகண்ட், இங்கே 50. அமெரிக்கப் பெட்டி தேவைக்கு மேல் இறக்குகிறது. அதனால் உச்ச சுரங்கள் அமுங்குகின்றன. ட்ரெபிளைச் சற்று ஏற்றுங்கள், போதும்.

கேள்வி: ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்84 வால்வின் தகடு ஒரு பக்கம் மட்டும் சிவந்து எரிகிறது. வால்வை மாற்றியும் அதே கதை. (மஞ்சக்குப்பம்)

பதில்: உடனே அணையுங்கள். குற்றம் வால்வில் இல்லை, முன்னால் இருக்கும் கப்ளிங் கண்டென்சரில். முந்தைய வால்விலிருந்து ஒலியை மட்டும் விட்டு, டி.சி. மின்னழுத்தத்தைத் தடுப்பது அதன் வேலை. அது கசிந்து, முந்தைய வால்வின் உயர் மின்னழுத்தம் ஈஎல்84-இன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு வருகிறது. கேத்தோடு பயாஸ் (கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே மின்னோட்டத்தை அளவாக வைக்கும் முறை) உள்ள பெட்டி என்றால் கிரிட்டில் ஏறக்குறைய 0 வோல்ட் இருக்க வேண்டும். சில வோல்ட் பாசிட்டிவ் காட்டினாலே கண்டென்சரை மாற்றிவிடுங்கள். அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கேள்வி: சுவிட்சைத் திருப்பினால் கரகரக்கிறது. வீடு கடற்கரைக்குப் பக்கத்தில். (தேவனாம்பட்டினம்)

பதில்: உப்புக்காற்றின் வேலை. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை திருப்புங்கள். வால்வுக் கால்களையும் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்.

கேள்வி: வால்வையெல்லாம் எடுத்துவிட்டு ஐ.சி. போர்டு வைத்துத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா? (முதுநகர்)

பதில்: சம்மதிக்காதீர்கள். இத்தகைய பெட்டிகளில் அதிகம் வரும் ஈசிசி83, ஈஎல்84 வால்வுகள் இரண்டும் ஸ்லோவாக்கியாவில் இன்றும் தயாராகின்றன. வேறு ஆள் கிடைக்கும்வரை பெட்டியை அப்படியே வைத்திருங்கள். வால்வுகளை ஏற்கெனவே கழற்றியிருந்தால் துணியில் சுற்றி, எது எந்த சாக்கெட்டிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள்.