'டேர்ன் இட் ஓஃப்' சரி, 'டேர்ன் ஓஃப் இட்' ஏன் பிழை?

நல்ல கேள்வி, தம்பி. பரந்தன் வயலில் ஓடுகிற வாட்டர் பம்பை நிற்பாட்டச் சொல்ல 'டேர்ன் ஓஃப் த பம்ப்', 'டேர்ன் த பம்ப் ஓஃப்' இரண்டும் சரி. பம்புக்குப் பதிலாக 'இட்' வந்தால் மட்டும் அதற்கு நடு இடம்தான். அப்படியென்றால் 'லுக் ஆஃப்டர் இட்' (அதைப் பார்த்துக்கொள்) ஏன் மாறவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடப்போகிறவரிடம் 'புட் ஓன் த ஹெல்மெட்', 'சிட் ஓன் த பைக்' என்கிறோம். இரண்டிலும் அதே 'ஓன்'. முதலாவது 'ஓன்' வினையின் துணைச்சொல். 'புட்' உடன் சேர்ந்துதான் அணிவதைக் குறிக்கிறது. ஆகவே 'புட் இட் ஓன்'. இரண்டாவது முன்னிடைச்சொல், பைக்குக்கு உரியது. அது தன் பெயருக்கு முன்னால்தான் நிற்கும்: 'சிட் ஓன் இட்'. 'லுக் ஆஃப்டர்' இந்த வகை.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'புட் இட் ஓன்' என்னும்போது அழுத்தம் 'ஓன்' மேல் விழும். 'இட்' ஏற்கெனவே தெரிந்த பொருளைச் சுட்டுவதால் மெல்லத்தான் ஒலிக்கும். ஆங்கிலம் வழக்கமாகப் புதிய, கனமான செய்தியைத்தான் கடைசிக்கு வைக்கும். பட்டியலாகப் பாடமாக்குவதைவிட இப்படி உரத்துச் சொல்லிப் பழகுவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

'புட் அப் வித் ஹிம்' (அவரைப் பொறுத்துக்கொள்) என்பதில் இரண்டும் உண்டு: 'அப்' துணைச்சொல், 'வித்' முன்னிடைச்சொல். பிரதிப்பெயர் 'வித்' இன் பின்னால் வரும். அதுவும் 'ஹீ' அல்ல, 'ஹிம்'.