கணப்பு விறகும் வெண்புகையும்

கேள்வி: கோத்தகிரியில் பழைய வீடொன்றில் குடியிருக்கிறோம். மாலையில் கணப்பு மூட்டினால், இரவு வரை புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டே இருக்கிறது. அறையோ சரியாகச் சூடாவதில்லை. குறை விறகிலா, புகைபோக்கியிலா?

பதில்: பெரும்பாலும் விறகில்தான். ஆயினும், அந்த வெண்மை நீராவியா புகையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். நன்கு எரியும் விறகிலிருந்து வரும் நீராவியும் குளிர்ந்த மாலையில் வெண்மையாகவே தோன்றும். ஆனால் புகைபோக்கியின் வாயைத் தாண்டிச் சிறிது தொலைவு போவதற்குள் அது காற்றில் கரைந்துவிடும். கரையாமல் நீண்டு, தாழ இறங்கி, பக்கத்துக் கூரைகளின்மேல் கவிந்து கண்ணைக் கரிக்குமானால், அது எரியாமல் தப்பிய எரிபொருளே. உலர்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, சூடேறியதும் வாயுவாகப் பிரியக்கூடியது. நாம் காணும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். ஈர விறகில் வெப்பத்தின் கணிசமான பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுவதால், வாயு பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடு எழாமல், அது குளிர்ந்து கீல் (தார்) துளிகளாகத் திரண்டு வெளியேறுகிறது. உங்கள் அறைக்கு வர வேண்டிய வெப்பம் இப்படித்தான் வீணாகிறது.

நீலம் படர்ந்த மெல்லிய புகை தெரிந்தால், காற்று வழியை அடைத்து விறகைக் கனலவிடுகிறீர்கள் என்று பொருள். (மரங்களின் இருண்ட பின்னணியில் நீலமாகத் தெரியும் இதே புகை, வெளிச்சமான வானத்துக்கு எதிரே பழுப்பாகத் தெரியும்.) கரும்புகையோ, கொழுந்துவிடும் தீக்குக் காற்று போதாமல் உண்டாகும் கரித்துகள். மூட்டிய முதல் சில நிமிடங்களில் எந்தப் புகை வந்தாலும் கவலையில்லை. அரைமணி நேரம் கழித்து, புகைபோக்கியின் மேல் வெப்பம் நெளிவது மட்டும் தெரிந்தால் விறகு செம்மையாக எரிகிறது.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவுகூட நீர் இருக்கலாம். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் விறகு நன்றாக எரியும். மழையும் மூடுபனியும் மிகுந்த உங்கள் ஊரில், விறகைப் பிளந்து, கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்கி, ஓராண்டாவது உலரவிடுங்கள். எரியும்போது நுனியில் நுரை தள்ளினால் ஈரம் இன்னும் போகவில்லை.

இத்தனை நாள் புகைந்த புகைபோக்கியின் உட்சுவரில் கீல் படிந்திருக்கும். அது தீப்பற்றக்கூடியது என்பதால், அடுத்த முறை கணப்பு மூட்டுமுன் கட்டாயம் சுத்தம் செய்துவிடுங்கள். புகை நின்றுவிட்டது என்பதற்காக இரவில் புகைபோக்கியின் தகட்டை மூடிவிடவும் கூடாது: தணலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத, மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். தணல் முழுவதும் அவிந்து சாம்பல் ஆறிய பிறகே மூடுங்கள்.