கெர்ட் முல்லர், அழகில்லாத கோல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கால்பந்து உலகக் கோப்பைக் கோல்களைப் பற்றி எழுதும்போது, 1974 இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியின் கெர்ட் முல்லர் அடித்த கோலைத்தான் உங்களுக்கு மிகப் பிடித்த கோல் என்று சொல்லியிருந்தீர்கள். யூடியூபில் தேடிப் பார்த்தேன். ஏமாற்றம்தான். பந்து அவர் காலில் நிற்கவே இல்லை, பட்டுப் பின்னால் போய்விட்டது. திரும்பி எப்படியோ தட்டினார், உருண்டு உள்ளே போனது. அதே ஆட்டத்தின் முதல் நிமிடத்தில் நெதர்லாந்தின் கிரைஃப் நடுக்களத்திலிருந்து ஓடிவந்து பெனால்டி வாங்கிய அழகுக்குப் பக்கத்தில் இதை எப்படி வைப்பது? முல்லரின் மற்ற கோல்களையும் பார்த்தேன். பெரும்பாலும் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று தட்டிவிட்டவை. எங்கள் ஊர் அணியிலும் இப்படி ஒருவர் உண்டு. அவர் அடிப்பதை 'ஓசி கோல்' என்போம். சரியான இடத்தில் நிற்கிற அதிர்ஷ்டம் ஒருவரைப் பெரிய ஸ்ட்ரைக்கர் ஆக்கிவிடுமா?

எஸ்.,
திருச்சி

அன்புள்ள எஸ்.,

அந்தக் கோலை இன்னொரு முறை, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, பந்தை விட்டுவிட்டு முல்லரை மட்டும் பாருங்கள்.

43ஆவது நிமிடம். வலது ஓரத்தில் முல்லரின் அணித்தோழர் போன்ஹோஃப், டச்சு வீரர் ஹானைத் தாண்டி உள்ளே வந்து பந்தைத் தள்ளுகிறார். முல்லர் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார், டிஃபெண்டர்களும் அதே திசையில் ஓடுகிறார்கள். பந்து முல்லரின் காலில் பட்டுப் பின்னால் போகிறது. நீங்கள் பிழை என்று கண்ட இடம் இதுதான். அந்தத் தொடுதல் அவர் நினைத்ததைவிடச் சற்று நீளமாகப் போயிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்து நடப்பதைப் பாருங்கள். டிஃபெண்டர்களின் உடம்பு இன்னும் கோலை நோக்கிப் போகிறது. முல்லரின் உடம்பு மட்டும் அதற்குள் பின்னால் வந்து பந்தைப் பிடித்து, திரும்பி, தாழ்வாக அடித்து முடித்துவிட்டது. கோல்கீப்பர் யோங்புளுட்டுக்குப் பாயக்கூட நேரமில்லை. ஓங்கி அடிக்கப்பட்ட பந்தும் இல்லை அது. மற்ற யாருக்கும் அந்தப் பந்து 'வாய்ப்பு போச்சு' என்ற பந்து. மேற்கு ஜெர்மனி அதனால் உலகக் கோப்பை வாங்கியது.

இந்தத் திருப்பம்தான் முல்லர். உயரம் 176 சென்டிமீட்டர். குட்டைக் கால்கள், பருத்த தொடைகள். பவேரியாவில் நோர்ட்லிங்கன் என்ற சிற்றூரில் 1945இல் பிறந்து, நெசவுத் தொழில் கற்றவர். 1964இல் பேயர்ன் மியூனிக் கிளப் அவரை எடுத்தபோது அந்த அணி முதல் பிரிவிலேயே இல்லை. பயிற்சியாளர் சாய்கோவ்ஸ்கி அவரைப் பார்த்துவிட்டு, இந்தப் பளுதூக்குகிறவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டாராம். 'குள்ள குண்டு முல்லர்' என்று கூப்பிட்டதும் அவர்தான். அந்த உடம்பைப் பார்த்துச் சிரித்தவர்கள், அதன் எடை தரைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. உயரமான டிஃபெண்டர் ஒருவர் திரும்பக் காலை மாற்றி வைக்க வேண்டும். முல்லர் நின்ற இடத்தில் திரும்பிவிடுவார். இடித்தாலும் விழமாட்டார். விழுந்தாலும் விழுந்தபடியே அடிப்பார்.

'சும்மா நிற்கிறார்' என்கிறீர்கள். கோல் தொகுப்புகள் செய்கிற அநியாயம் இது. அவை பந்து வந்த பிறகுதான் தொடங்குகின்றன. முழு ஆட்டம் ஒன்று கிடைத்தால் பாருங்கள். பேயர்னிலும் தேசிய அணியிலும் அவரோடு ஆடிய பெக்கன்பவர் பின்னாலிருந்து பந்தை எடுத்து வருவார், கூட்டத்துக்கு நடுவில் நிற்கும் முல்லரின் காலுக்கு வேகமாக ஒரு பாஸ், முல்லர் முதுகில் ஆளைச் சுமந்தபடி ஒரே தொடுதலில் திருப்பிக் கொடுப்பார், பெக்கன்பவர் அதற்குள் அடுத்த இடைவெளியில் இருப்பார். ஜெர்மானியர்கள் 'இரட்டைப் பாஸ்' என்று சொல்லும் இந்த ஆட்டத்தை ஓசியில் ஆட முடியாது.

அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். அது எத்தனை முறை வரும்? ஜெர்மனியின் முதல் பிரிவு லீக்கான பண்டஸ்லிகாவில் 427 ஆட்டங்களில் 365 கோல்கள். வருடத்தில் எத்தனை நாளோ அத்தனை. இன்றுவரை யாரும் எட்டவில்லை. பிற்காலத்தில் பேயர்னுக்கு ஆடிய லெவண்டோவ்ஸ்கியே 312இல் நின்றுவிட்டார். நாட்டுக்காக 62 ஆட்டங்களில் 68 கோல்கள், அதாவது ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல். எதிரணிகள் அவர் எங்கே நிற்பார் என்று தெரிந்துதான் வந்தார்கள், ஆள் போட்டுக் காவல் வைத்தார்கள். தெரிந்தும் தடுக்க முடியாத ஒன்றுக்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் மட்டும் 10 கோல்கள். இங்கிலாந்து 2-0 என்று முன்னிலையில் இருந்த காலிறுதியில், கூடுதல் நேரத்தில் 3-2 ஆக்கியது அவர் கோல். அரையிறுதியில் இத்தாலியோடு 94ஆவது நிமிடத்தில் ஒன்று அடித்தார், அதைத் தேடிப் பாருங்கள். உங்களுக்குக் கோபமே வரும். இத்தாலி டிஃபெண்டர் பொலெட்டிக்கும் கோல்கீப்பர் அல்பெர்டோசிக்கும் நடுவில் 'நீ எடு, நான் எடுக்கிறேன்' என்று ஒரு தடுமாற்றம். முல்லர் காலை நீட்டினார். பந்து நடந்து போகிற வேகத்தில் கோட்டைத் தாண்டியது. அசிங்கமான கோல்தான். ஆனால் அந்தத் தடுமாற்றம் நடக்கும் என்று நம்பி அங்கே ஓடியவர் மைதானத்தில் அவர் ஒருவர்தானே? பத்து முறை இப்படி ஓடினால் ஒன்பது முறை டிஃபெண்டர் பந்தை அடித்து அனுப்பிவிடுவார். ஒன்பது முறையும் ஓடியவருக்குத்தான் பத்தாவது கிடைக்கிறது.

1972இல் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பை, அரையிறுதியிலும் இறுதியிலும் இரண்டிரண்டு கோல்கள். 1974 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பேயர்னுக்கு கிளப்புகளுக்கான ஐரோப்பிய சாம்பியன் பட்டம். முல்லரின் கோல்கள் இல்லாவிட்டால் இன்னும் கிளப்பின் அந்தப் பழைய மரக் கொட்டகையில்தான் இருந்திருப்போம் என்று பெக்கன்பவர் சொன்னது மிகையில்லை.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் இவருடைய கதை எனக்கு முடிவதில்லை. உலகக் கோப்பை வென்ற கையோடு 28 வயதில் தேசிய அணியை விட்டு விலகினார். 1979இல் பேயர்னோடு மனக்கசப்பு, அமெரிக்காவில் ஃபோர்ட் லாடர்டேல் அணிக்குப் போனார். ஆட்ட வாழ்க்கை முடிந்ததும் அங்கேயே உணவகம் நடத்தினார். குடி பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. பெனால்டி பெட்டிக்குள் எங்கே இடைவெளி என்று உடம்புக்கே தெரிந்த மனிதர், பந்து இல்லாத ஒரு பகற்பொழுதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். இதை எழுதும்போதுகூட எனக்குத் தாங்கவில்லை. 1991இல் ஹோனஸ் முதலிய பழைய தோழர்கள் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அதோடு நிறுத்தாமல், கிளப்பிலேயே வேலை கொடுத்தார்கள். இளைஞர்கள் ஆடும் பேயர்ன் இரண்டாம் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். 2015இல் அவருக்கு அல்சைமர் நோய் என்று கிளப் அறிவித்தது. ஒரே சீசனில் 40 கோல்கள் என்ற அவரது 1971-72 சாதனையை லெவண்டோவ்ஸ்கி 2021 மே மாதம் முறியடித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் முல்லர் காலமானார்.

அந்த இரண்டாம் அணி வழியாக வந்தவர்களில் தாமஸ் முல்லரும் ஒருவர். சொந்தக்காரர் இல்லை, பெயர் மட்டும் ஒன்று. ஒல்லி உடம்பு, காலுறை தொங்கும், ஓட்டத்தில் ஓர் அழகும் கிடையாது. 2010 உலகக் கோப்பையில் கெர்ட் முல்லர் போட்ட அதே 13ஆம் எண் சட்டையோடு 5 கோல்கள் அடித்து, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார். நீ என்ன மாதிரி ஆட்டக்காரன் என்று கேட்டவர்களுக்கு, 'இடைவெளிகளைப் படித்துச் சொல்கிறவன்' என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் சொல்லைத் தன் பெயராகச் சொன்னார்.

உங்கள் ஊர் அணியின் அந்த ஆளை அடுத்த ஆட்டத்தில் பந்து வருவதற்கு முன்னால் கவனியுங்கள். ஓரத்திலிருந்து கிராஸ் வருமுன் எங்கே பார்க்கிறார், யார் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறார், எத்தனை முறை வீணாக ஓடுகிறார் என்று. பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.