பென்ஷன் பணம், சம்பளம், வீடு: எது வேகமா வளர்ந்துச்சு? (கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, போன வருஷம் என் பென்ஷன் கணக்குல ஏறுன தொகை என்னோட ஒரு வருஷ சம்பளத்தை விட அதிகம். நம்பலாமா, இல்ல ஸ்டேட்மென்ட்ல ஏதாவது தப்பா?

பதில்: நம்பலாம். சேர்ந்த பணம் வருஷ சம்பளத்தை போல பன்னெண்டரை மடங்கு இருந்தா, 8 சதவீதம் ஏறினாலே ஒரு முழு வருஷ சம்பளம் வந்துடும். விடாம போட்டுட்டு வந்தவங்களுக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட வரும்போது இது நடக்கும். ஆனா அதே பணம் முழுக்க ஷேர்ல இருந்து மார்க்கெட் 25 சதவீதம் விழுந்துச்சுன்னா மூணு வருஷ சம்பளம் போயிடும், அதனால சந்தோஷப்படுங்க, அப்படியே எவ்வளவு ஷேர்ல இருக்குன்னும் ஒரு தடவை பாத்துடுங்க.

கேள்வி: வீடு வாங்கி 30 வருஷம், விலை 10 மடங்கு ஆயிடுச்சு. பென்ஷனும் அதே 30 வருஷம்தான், போட்டதுக்கு 4 மடங்குதான் இருக்கு. வீடுதானே ஜெயிச்சுது?

பதில்: இதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. 30 வருஷத்துல 10 மடங்குன்னா வருஷத்துக்கு சுமார் 8 சதவீதம். இப்போ பென்ஷனுக்கு வாங்க. மாசம் 10,000 வீதம் 30 வருஷம் போட்டா மொத்தம் 36 லட்சம், அது 8 சதவீதத்துல மாசாமாசம் வளர்ந்தா கிட்டத்தட்ட 1.49 கோடி. 4 மடங்குக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அதாவது ரெண்டும் ஏறக்குறைய ஒரே வேகம்! வீட்டு விலை முதல் நாள்ல இருந்தே முழுசா ஓடுச்சு, பென்ஷன்ல கடைசி மாசம் போட்ட பணம் 30 நாள்தான் இருந்துச்சு. எல்லா பணத்தையும் முதல் நாளே போட்ட மாதிரி நினைச்சு, 30 வருஷத்துல 4 மடங்குன்னா வருஷத்துக்கு 5 சதவீதம் கூட வரலன்னு புலம்பாதீங்க, எக்செல்ல தேதி வாரியா போட்டு எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR, வேற வேற தேதியில போட்ட பணத்துக்கு வருஷ வளர்ச்சி எவ்வளவுன்னு சொல்ற ஃபார்முலா) பாருங்க.

அப்புறம் அந்த 10 மடங்கு யார் சொன்ன விலை? பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதா இருந்தா கொஞ்சம் கழிச்சுக்கங்க, வித்து கைக்கு வந்தாதான் கணக்கு. ரிப்பேர், வரி, லோன் வட்டி எல்லாம் கழியணும், ஆனா நீங்க கட்டாம மிச்சமான வாடகையை கூட்டணும், அதை யாருமே கூட்டுறதில்ல.

கேள்வி: நான் கையில இருந்து போட்டது 20 சதவீதம்தான், மீதி லோன். அப்போ என் லாபம் இன்னும் அதிகம்தானே?

பதில்: ஏறுற வரைக்கும் ஆமா. 100ல 20 உங்களுது, விலை 10 சதவீதம் ஏறினா உங்க பங்கு 30, அதாவது 50 சதவீத லாபம். விலை 20 சதவீதம் இறங்கினா உங்க பங்கு பூஜ்ஜியம். அது வீட்டோட திறமை இல்ல, கடனோட வேலை. கடனே இல்லாத பென்ஷனோட இதை நேருக்கு நேர் வைக்கிறது நியாயம் கிடையாது.

கேள்வி: ஆராய்ச்சியெல்லாம் என்ன சொல்லுது? ஷேரா வீடா?

பதில்: 16 வளர்ந்த நாடுகளோட 1870ல இருந்து 2015 வரைக்குமான விவரத்தை வச்சு 2019ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. விலைவாசி ஏத்தத்தை கழிச்ச பிறகு ரெண்டுமே வருஷத்துக்கு சுமார் 7 சதவீதம்தான். ஆனா வீட்டோட அந்த 7ல பெரும்பங்கு வாடகை, வெறும் விலை ஏத்தம் கம்மி. இது சராசரிங்கிறதையும் மறந்துடாதீங்க, ஜப்பானோட ஷேர் மார்க்கெட் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பர்ல தொட்ட உச்சத்தை திரும்ப தாண்டுனது 2024 பிப்ரவரியில.

கேள்வி: சம்பளத்தோட எப்படி ஒப்பிடுறது?

பதில்: சதவீதத்துல ஒப்பிடாதீங்க, சம்பள உயர்வுல பாதி புரமோஷன்ல வந்திருக்கும். வருஷா வருஷம் ஒரே தேதியில பென்ஷன் தொகையை வருஷ சம்பளத்தால வகுத்து எழுதி வைங்க, 3, 3.4, 4ன்னு ஏறினா பணம் சம்பளத்தை முந்துது, சம்பளம் ஏறியும் அந்த எண் அப்படியே நின்னா மாசம் போடுற தொகையை கூட்டணும். வீட்டை இந்த எண்ல சேக்காதீங்க, குடியிருக்கிற வீட்டை வித்து யாரும் மளிகை வாங்கப் போறதில்ல.

கேள்வி: ஃபண்டு கட்டணம் 1 சதவீதம்தானே, பெருசா?

பதில்: 30 வருஷத்துக்கு மொத்தமா போட்டு வச்ச பணம் 8 சதவீதத்துல 10 மடங்கு, கட்டணம் 1 போய் 7 ஆனா 7.6 மடங்குதான். கட்டணத்தை இன்னைக்கே பாருங்க.