தலையணை கட்டிய கேரியர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் திருமங்கலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் ஒரே மகன் டூஷேன் தசைச் சிதைவு நோயால் மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனான். அப்போது அவனுக்கு 19 வயது. ஒன்பதாம் வகுப்பு முடிகிறவரை இவர்தான் அவனைச் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோனார். கேரியரில் தலையணையைக் கட்டி அவனை உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் ஒரு துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்.

வரும் அரையாண்டு விடுமுறையில் நாங்கள் இருவரும் மதுரையிலிருந்து கன்னியாகுமரி, திருச்செந்தூர், தூத்துக்குடி, ராமநாதபுரம் வழியாக மறுபடியும் மதுரை வரை, சுமார் 600 கிலோமீட்டர் சைக்கிளில் போகலாம் என்றிருக்கிறோம். வழியில் சேரும் பணத்தை இந்த நோய்க்கான ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாகத் திட்டம். என் கொழுந்தனாருக்கு இதில் விருப்பமில்லை. "கையில் இருக்கிற காசை நேராக அனுப்ப வேண்டியதுதானே, இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி ஊர் சுற்றுவது விளம்பரம்" என்கிறார். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர், ஆராய்ச்சிக்குக் கொடுப்பதைவிட ஓர் ஏழைப் பிள்ளைக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுங்கள் என்கிறார். நானும் என் கணவரும் அத்தை மகன், மாமன் மகள். சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று மகன் இருக்கும்போதே அவன் காதுபடப் பேசியவர்கள் உண்டு. 'எங்கள் மகனுக்கு வந்த நோய் இனி யாருக்கும் வரக்கூடாது' என்று பதாகைகூட எழுதி வைத்துவிட்டோம். ஆனால் மனம் தடுமாறுகிறது. போகலாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். இருவரும் சேர்ந்தே போங்கள். உங்கள் கடிதத்தில் அவர் மகனைத் துண்டால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டதைப் படித்த இடத்திலேயே எனக்கு இந்தப் பதில் வந்துவிட்டது. மற்றதெல்லாம் அதற்கான காரணங்கள்.

கொழுந்தனார் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் வருத்தத்தில் பேசுகிறார் என்றே நினைக்கிறேன். அண்ணன் மகனை இழந்தவர் அல்லவா அவரும்? ஆனால் அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களிடம், "பஸ் இருக்கிறதே, டிக்கெட் காசையும் சேர்த்து உண்டியலில் போட்டால் ஆகாதா?" என்று நம் ஊரில் யாராவது கேட்கிறார்களா? வாடிப்பட்டிச் சாலையில் பந்தல் போட்டு மோர் கொடுக்கிறார்கள். முன்பின் தெரியாதவரின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். ஒருவர் உடம்பை வருத்திக்கொண்டு நம் வாசலைக் கடந்தால், எழுந்து வந்து என்ன ஏது என்று விசாரிக்கிற மனம் இந்த மண்ணில் இருக்கிறது. நீங்கள் அந்த மனத்தை நம்பித்தான் கிளம்புகிறீர்கள். வங்கிவழி அனுப்பும் பணம் உங்கள் சேமிப்போடு முடிந்துவிடும். சாயல்குடியில் டீக்கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினால், இந்த நோயின் பெயரையே கேட்டறியாத பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். 1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 36 பேர் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக இப்படிச் சைக்கிளில் கிளம்பினார்கள். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்ற இளைஞர் சேர்த்த கூட்டம் அது. அந்த ஆண்டு கிடைத்தது 10,200 டாலர். ஆண்டுதோறும் நடந்து, இன்றைக்கு மொத்தம் 100 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது.

இந்தப் பக்கத்துப் பெண்ணுக்குச் சைக்கிள் புதிதும் இல்லை. 1990களின் தொடக்கத்தில், பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அவர்களைப் பார்த்தும் சிரித்தவர்கள் இருந்தார்கள்.

சக்கர நாற்காலி வாங்கிக் கொடுக்கச் சொன்ன ஆசிரியர் சொல்வதில் தவறே இல்லை. நாற்காலி இன்றைக்கே வேண்டும். ஆனால் அதற்குக் கொடுக்க நம் ஊரில் ஆள் கிடைப்பார். கண்ணெதிரே ஒரு பிள்ளை இருக்கிறது, அதன் முகம் மலர்வதைப் பார்க்கலாம். ஆராய்ச்சிக்கு அப்படி முகம் கிடையாது. இன்னும் பிறக்காத ஒரு பிள்ளைக்காகக் கேட்கிற பணம் அது. என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

1974இல் எனக்கு ஏழு வயது. மதுரை வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு வளவில் குடியிருந்தோம். அம்மாவுக்குக் காசநோய். மற்ற டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாது என்று அம்மாவின் எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் பாட்டி ஆணியால் ஒரு புள்ளி குத்தி வைத்திருந்தார். ஊசி போட்டுக்கொள்ள அப்பா சைக்கிளில் கூட்டிப்போவார். அம்மா திரும்பி வந்து இடுப்பில் கைவைத்தபடி திண்ணையில் உட்காருவதை நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இரவில் அவர் இருமினால் எனக்குப் பயம். இருமல் கேட்கவில்லை என்றால் அதைவிடப் பயம். ஒன்றரை வருடத்தில் தேறினார். அதற்குப் பிறகு 37 ஆண்டுகள் இருந்து பேரன் பேத்தி பார்த்தார்.

அம்மா அத்தனை நாளும் வீட்டிலேயே இருந்தாரே, அது எப்படி என்று பெரியவனான பிறகுதான் யோசித்தேன். அதற்கு முந்தைய தலைமுறையில் காசநோய் என்றால் சானடோரியம். பிள்ளைகளை விட்டு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பிரிந்து கிடக்க வேண்டும். 1956இல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வுக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் கட்டில், ஓய்வு, ஊட்டமான சாப்பாடு. மற்றவர்கள் அதே மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே இருந்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. ஒரு வருடத்தில் இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தேறியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. பல நாடுகளில் சானடோரியங்கள் காலியானதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம். என் அம்மா என்னோடு வீட்டில் இருந்தது, சென்னையின் ஏதோ ஒரு குடிசையில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மாத்திரை விழுங்கிய யாரோ ஒருவரால். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

உங்கள் மகனுக்கு வந்த நோயிலேயே இதற்கு இணையான கதை ஒன்று இருக்கிறது. பிரான்சில் யோலேன் த கெப்பேர் என்று ஒரு தாய். ஏழு பிள்ளைகளில் நான்கு பேருக்கு இதே டூஷேன். 1958இல் அவரும் வேறு சில பெற்றோரும் ஒரு சங்கம் வைத்தார்கள். 1987இல் அந்தச் சங்கம் தொலைக்காட்சி வழியாக ஊர் ஊராக நிதி திரட்டத் தொடங்கியது. அதற்காக மக்கள் ஓடினார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், சமைத்து விற்றார்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜெனத்தோன் ஆய்வகத்திலிருந்துதான் 1990களின் தொடக்கத்தில் மனித மரபணுத் தொகுதியின் முதல் விரிவான வரைபடங்கள் சில வெளிவந்தன. தங்கள் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் சேர்த்த காசு, அவர்கள் பெயர்கூட அறியாத நோய்களை ஆராய்ந்தவர்களுக்கும் வழிகாட்டியது.

நம் நாட்டிலும் இதைச் செய்ய வேண்டிய அவசரம் இருக்கிறது. டூஷேனுக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சையின் விலை, நம் கணக்கில் ஒரு பிள்ளைக்கு 25 கோடி ரூபாயைத் தாண்டும். அதுவும் நோயை வேரோடு எடுக்கும் மருந்து கிடையாது. வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்த கண் லென்ஸை 1992இல் மதுரையில் ஆரோலேப் செய்யத் தொடங்கியதும் விலை பல மடங்கு இறங்கியதை நாம் பார்த்தோமே. இங்கே ஆராய்ந்தால்தான் இங்குள்ள பிள்ளைக்கு எட்டும்.

இனி, சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்ற பேச்சு. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளை காதுபடவா பேசினார்கள்? சகோதரி, அது பொய். டிஸ்ட்ரோபின் என்ற புரதம்தான் தசை நார் சுருங்கி விரியும்போது கிழியாமல் காக்கிறது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் விழும் பிழையால்தான் இந்த நோய் வருகிறது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் லூயிஸ் கங்கெலின் குழு இதைக் கண்டறிந்தது. மகனுக்குத் தந்தை கொடுப்பது ஒய் குரோமோசோம். எக்ஸ் தாயிடமிருந்து வருகிறது. எனவே உங்கள் கணவர் அத்தை மகனாக இல்லாமல் எந்த ஊர்க்காரராக இருந்திருந்தாலும் இதில் ஒரு மாற்றமும் இருந்திருக்காது. சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற நோய்கள் வேறு இருக்கின்றன. இது அந்த வரிசையில் வராது.

தாயிடமிருந்து என்றதும் பழியைத் தூக்கி உங்கள் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். மனித மரபணுக்களில் மிக நீளமானவற்றுள் இது ஒன்று, 20 லட்சம் எழுத்துகளுக்கு மேல். அவ்வளவு நீளத்தைப் படியெடுக்கையில் புதிதாகப் பிழை விழுவது உண்டு. இந்த நோயுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, தாயிடம் இல்லாத பிழைதான் காரணம். தாயிடம் இருந்தாலும், அது அவர் செய்த குற்றமா? மருந்து கண்டுபிடிக்கும் முன்பே ஆராய்ச்சி இந்த உண்மையைக் கொடுத்தது. ஒரு மருமகளை வீண்பழியிலிருந்து மீட்க இது போதும். உங்களுக்குத் தங்கைகள், அவர்களுக்குப் பெண் பிள்ளைகள் இருந்தால் மரபணு ஆலோசகரிடம் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

ஆகவே பதாகையை மாற்றுங்கள். புதுப் பிழை எந்தக் குடும்பத்திலும் விழக்கூடும் என்னும்போது, 'இனி யாருக்கும் வரக்கூடாது' என்று நாம் எழுத முடியாது. நடக்காத ஒன்றைச் சொல்லிப் பணம் வாங்கினோம் என்ற சொல் உங்களுக்கு வரக் கூடாது. அந்த இடத்தில் வேறொன்றை வரையுங்கள். ஒரு சிறுவன் தரையிலிருந்து எழுந்திருப்பதை வரையுங்கள். முதலில் குப்புறத் திரும்புகிறான். இரண்டு கைகளையும் ஊன்றி இடுப்பைத் தூக்குகிறான். ஒரு கை முழங்காலுக்கு வருகிறது, அடுத்தது மறு முழங்காலுக்கு. பிறகு தொடையில் கைகளை மாற்றி மாற்றி வைத்து, தன் உடம்பின் மீதே ஏணி ஏறுவதைப் போல ஏறி நிமிர்கிறான். வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1879இல் இதை எழுதிவைத்தார். நீங்கள் ஆயிரம் தடவை பார்த்திருப்பீர்கள். கூடவே கெண்டைக்கால் திரண்டு உருண்டிருக்கும். பயில்வான் கால் என்று பெரியவர்கள் கொஞ்சுவார்கள். படத்துக்குக் கீழே, 'உங்கள் பிள்ளை இப்படி எழுகிறானா? மருத்துவரிடம் காட்டுங்கள்' என்று எழுதினால் போதும். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை, சி.கே. என்று பெயர். உரிய காலத்தில் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால், நோய் தீராது என்றாலும் பிள்ளை கூடுதலாகச் சில ஆண்டுகள் தன் காலில் நடப்பான். இந்த 600 கிலோமீட்டரில் ஒரு தாய் அந்தப் படத்தைப் பார்த்து நின்றுவிட்டால், ஆராய்ச்சிக்கு ஒரு ரூபாய்கூட சேராவிட்டாலும் நீங்கள் போய்வந்தது வீணில்லை.

கணக்கு விஷயத்தில் கறாராக இருங்கள். நம் பக்கத்து மொய் நோட்டு போல ஒரு நோட்டுப் போடுங்கள். ஊர், பெயர், தொகை. பத்து ரூபாய் கொடுத்தவர் பெயரும் ஏறட்டும். இயன்றவரை பணம் நேராக ஆய்வு நிறுவனத்தின் கணக்குக்கே போகட்டும், ரசீதும் அவர்களே தரட்டும். உங்கள் சாப்பாடும் தங்கலும் உங்கள் சொந்தக் காசில். மொய் திரும்பி வரவேண்டிய கடன். இந்த மொய் கொடுத்தவர் வீட்டுக்குத் திரும்பாது என்பதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னாலும் கொடுப்பார்கள்.

பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. தெற்கே முதலில் போகாதீர்கள். டிசம்பர் கடைசியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். கன்னியாகுமரியிலிருந்து ராமநாதபுரம் வரை கடலோரமாக வந்தால் அந்தக் காற்று முகத்தில்தான் மோதும். தூத்துக்குடிப் பக்கம் இரு பக்கமும் உப்பளம், ஒதுங்க ஒரு மரம் கிடைக்காது. சுற்றைத் திருப்பிப் போடுங்கள். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், பிறகு கடலோரமாகத் தெற்கே. காற்று முதுகைத் தள்ளும். திரும்புகாலில் நான்குவழிச் சாலையில் எதிர்க்காற்று இருந்தாலும், அதற்குள் கால் பழகியிருக்கும். கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர் என்று நிறுத்தி நிறுத்தி வரலாம். மழைக்காலத்தின் வால் என்பதால் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் எந்தக் காலையிலும் கிளம்பாதீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கச் சீமைக்கருவேல முள். ஆளுக்கு மூன்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு கைப்பம்பு இல்லாமல் போகக் கூடாது. லேத் பட்டறைக்காரருக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

கேரியரில் அந்தத் தலையணையைக் கட்டிக்கொண்டு போவீர்களா என்று தெரியவில்லை. அது உங்கள் இருவரின் விருப்பம்.

முதல் நாள் காலையில் மானாமதுரை வைகைப் பாலத்தருகே நிற்கிறேன். பரமக்குடி வரை உங்களோடு மிதித்து வர என் முழங்கால் இடம்கொடுக்கும். நோட்டை அங்கேயே எடுங்கள். ஊர் மதுரை, பெயர் என் அம்மாவின் பெயர்.